ஆலை அனுப்பியபடியே

இந்தப் பொலிஸ் நிலையத்தின் ஜன்னல்கள் இன்னும் மரச்சட்டத்திலேயே இருப்பதைக் கண்டதில் எனக்குப் பெரிய ஆறுதல். காற்றடிக்கும்போது கண்ணாடி நடுங்குகிறது. ஜன்னலோரம் இருக்கும் அதிகாரிக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுகிறது. இருந்தும் யாரும் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் சட்டம் போடவில்லை. நல்ல நிர்வாகம்.

என் பெயர் புவனேசன். வயது நாற்பத்தாறு. இருப்பது வால்தம்ஸ்டோ. லண்டன் கவுன்சில் ஒன்றில், பழைய கட்டடங்களைப் பழையபடியே வைத்திருக்கச் செய்யும் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், தன் வீட்டில் குளிர் தாங்க முடியவில்லை, இரட்டைக் கண்ணாடி போட அனுமதி வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் மிக மரியாதையாக மறுப்பு எழுதினேன். அந்த மாரிக் குளிரில் அவர் காலமாகிவிட்டார். ஜன்னல் அப்படியே இருக்கிறது. நேரமிருந்தால் போய்ப் பாருங்கள், 1881ஆம் ஆண்டு வேலை.

எதைக் கேட்டாலும் 'பதில் சொல்ல விரும்பவில்லை' என்று மட்டும் சொல்லும்படி என் சொலிசிட்டர் சொன்னார். நல்ல பிள்ளை, ஆனால் அவருக்கு என்னைத் தெரியாது. நான் ஒரு கழகத்தின் செயலாளர். கேள்வி ஒன்று கேட்கப்பட்டு, பதில் பதிவாகாமல் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே என் கையாலேயே தமிழில் எழுதித் தருகிறேன். மொழிபெயர்ப்பாளர் வான்மதி மதுரைப் பக்கத்துப் பிள்ளை. நான் 'ஓம்' என்றால் அவர் 'ஆமா' என்று தலையாட்டுகிறார், பரவாயில்லை. மற்றபடி ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி இது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆம் திகதி, தன் மகளின் கலியாண நாளன்று, லூயிஷாம் மேட்டிலிருந்து இறங்கும்போது பிளேஸ்டோ கிறிஸ்துராஜா அண்ணை இறந்துபோனார். அவருடைய காரின் பிரேக்கை நான் வெட்டினேனா?

வெட்டவில்லை. எந்தக் காரிலும் எந்தப் பாகத்தையும் நான் வெட்டியது கிடையாது. எனக்கு அருவருப்பான வேலை அது.

நான் செய்தது என்னவென்று விளங்க, முதலில் கழகம் விளங்கவேண்டும்.

லண்டன் தமிழர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் கழகத்தில் எட்டுப் பேர். தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், போஷகர், மக்கள் தொடர்பாளர் என்று ஏழு பேர் நிர்வாகம். மிஞ்சிய ஒருவர் சாதாரண உறுப்பினர். அவர்தான் கிறிஸ்துராஜா அண்ணை. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஓடுகிற கார் ஆறு. பிளேஸ்டோவில் அவருடைய கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில், ஞாயிறு பூசை முடிந்தபின், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடுவோம். பியற்றிஸ் அக்கா, கிறிஸ்துராஜா அண்ணையின் மனைவி, ரோல்ஸ் பொரித்து அனுப்புவார். அவை முடியும்வரை கூட்டம் நடக்கும்.

கழகத்துக்குச் சட்டப் புத்தகமாக யாப்பு ஒன்று உண்டு. நாற்பத்தொரு விதிகள். நான் எழுதியது. அதில் ஏழாம் விதிதான் உயிர்: 'உறுப்பினரின் கார் ஆலையிலிருந்து எந்த நிலையில் அனுப்பப்பட்டதோ அந்த நிலையிலேயே இருத்தல் வேண்டும்.' ஒரு வரிதான். இதைப் படிக்கும்போது எனக்கு இப்பவும் உடம்பு ஒருமாதிரி சிலிர்க்கும்.

கிறிஸ்துராஜா அண்ணையிடமும் என்னிடமும் இருந்தது ஒரே வகைக் கார். மார்ல்டன் ரோட்ஸ்டர், 1962. இரண்டே ஆசனம், மேலே கூரை இல்லை. அந்த ஆலையைப் பூட்டி எவ்வளவோ காலம். அவருடையது சிவப்பு, என்னுடையது பச்சை. சட்டகத்தில் அடித்திருக்கும் இலக்கத்தில் பதினொன்றுதான் வித்தியாசம். ஒரே வாரத்தில் ஒரே கொட்டகையில் பிறந்தவை. வருடாந்தப் பழைய கார்ப் போட்டியில், எதையும் மாற்றாத கார்களுக்கான மூலநிலைப் பிரிவில் என் கார் ஆறு வருடம் தொடர்ந்து முதற்பரிசு. அவருடையது இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது, 2005 வரை.

2005இல் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். அண்ணைக்கு ஒரு ஆசை வந்தது, மகளைத் தானே அந்தச் சிவப்புக் காரில் கோயிலுக்கு ஏற்றிப்போகவேண்டும் என்று. ஆசை நல்லது. அதற்கு அவர் செய்ததைக் கேளுங்கள். முன் சில்லுகளில் இருந்த டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டார். புது றப்பர் ஹோஸ் போட்டார். ஆலை பெல்ட் போடாத காருக்கு இரண்டு சீட் பெல்ட் பூட்டினார். கோப்பி வைக்க ஒரு வளையம் பூட்டினார். ஸ்டியரிங்குக்கு மேலே மடுமாதாவின் சிறிய சுரூபம் ஒன்றைப் பசை போட்டு ஒட்டினார்.

நான் அதைப் பார்க்க அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருவரின் வீட்டில் சாவு விழுந்தால் எப்படிப் பார்க்கப் போவோமோ அப்படித்தான் போனேன். அண்ணை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப மிதிச்சா, சுவர் மாதிரி நிக்கும் புவனேசு. ஏறி இருந்து பார்."

"மாதா எத்தினையாம் ஆண்டு மொடல் அண்ணை?" என்று கேட்டேன்.

"அவ எல்லா ஆண்டுக்கும் பொருந்துவா," என்றார்.

அதோடு நின்றிருந்தால் அவரைத் தகுதிநீக்கம் செய்திருப்பேன், அவர் கோபித்திருப்பார், நாலு மாதத்தில் ரோல்ஸ் கொண்டுவந்து சமாதானமாகியிருப்பார். ஆனால் அவர் 2006 ஜூன் கூட்டத்தில் யாப்புத் திருத்தம் கொண்டுவந்தார். ஏழாம் விதியின் கடைசியில், 'பாதுகாப்பு தொடர்பான மாற்றங்கள் நீங்கலாக' என்று நான்கு சொற்களைச் சேர்க்கவேண்டுமாம். நான்கு சொல். ஒரு விக்கிரகத்துக்கு மூக்குக் கண்ணாடி போடுவதற்கும் அவ்வளவுதான் செலவு.

நான் முக்கால் மணித்தியாலம் எதிர்த்துப் பேசினேன். அண்ணை ஒரு வசனம்தான் பேசினார்.

"நாப்பது வருசத்துக்கு முந்தின பிரேக்கிலை என்ரை பிள்ளையை நான் ஏத்தமாட்டன்."

தலைவர் ஜம்புநாதன் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே பல் வைத்தியராகத் தங்கிவிட்டவர். அவர் என் பக்கம் நிற்பார் என்று நம்பியிருந்தேன். அவர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "புவனேசன், பல்லுக்கே நான் ஒரிஜினல்தான் வேணும்னு அடம் பிடிக்கிறதில்ல லா. ஆடுற பல்லப் பிடுங்கிட்டு நல்லதா ஒண்ணு வைப்போம். சாப்பிடணும் இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே கையையும் தூக்கினார்கள். ஐந்துக்கு இரண்டு. பொருளாளர் தேத்தண்ணி ஊற்றப் போயிருந்தார். என்னுடன் கை தூக்கியவர் போஷகர் இராசரத்தினம் மாஸ்டர். அவர் நித்திரையில் கை தூக்கினார் என்று பிறகு சொன்னார்கள், ஆனால் அறிக்கையில் வாக்கு வாக்குத்தான்.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வாக்கெடுப்பில் தோற்றவர் வெளியேறி, அதே பெயருக்கு முன்னால் 'தாய்' என்ற சொல்லைச் சேர்த்து, அடுத்த மாதமே அதே மண்டபத்தில் புதுச் சங்கம் தொடங்குவார். ஒரே பாடசாலைக்கு நான்கு பழைய மாணவர் சங்கங்கள் லண்டனில் எனக்குத் தெரிந்து இருக்கின்றன. நாலாவதற்குப் பழைய மாணவர் இல்லை, நிர்வாகம் மட்டும்தான். நானும் யோசித்தேன். ஆனால் பிரிந்து போவதற்குக் குறைந்தது தலைவர், செயலாளர், பொருளாளர் என மூன்று பேர் வேண்டும். என்னிடம் நானும் ஒரு நித்திரைக்காரரும்தான்.

மிஞ்சியிருந்தது முப்பத்து மூன்றாம் விதி. 'நிறைவேறிய திருத்தம் ஒன்றை, அதை முன்மொழிந்தவரே அடுத்த கூட்டத்தில் நேரில் தோன்றி மறுபடி முன்மொழிதல் வேண்டும். தவறின் அது காலாவதியாகும்.' யாராவது அவசரத்தில் யாப்பை மாற்றிவிட்டு லீவுக்கு ஊருக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக 1999இல் நானே சேர்த்த விதி. அடுத்த கூட்டம் செப்டெம்பர் 17.

கிறிஸ்துராஜா அண்ணை கூட்டம் தவறுகிற ஆள் அல்ல. ஒருமுறை அம்மாள் வருத்தத்தோடு, உடம்பெல்லாம் கொப்புளமாக வந்து கதவுக்கு வெளியே கதிரை போட்டு இருந்து வாக்களித்தவர். அவர் வராமல் போகவேண்டும் என்று நான் விரும்பினேன் என்று எழுதினால் அது மிகைப்படுத்தல். அவர் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவ்வளவுதான்.

ஓகஸ்ட் நடுவில் அவராகவே தொலைபேசி எடுத்தார்.

"புவனேசு, கூட்டத்திலை கதைச்சதை மனசிலை வைச்சிருக்காதை. உன்ரை கை பட்டாத்தான் அந்தக் காருக்கு ஒரு மினுக்கம். கலியாணத்துக்கு ரெண்டு நாள் வைச்சு மினுக்கி, ரிபனும் கட்டித் தா. உனக்குத்தான் அதின்ரை சாமான் சக்கட்டை எல்லாம் தெரியும்."

"ஓம் அண்ணை. கொண்டாங்கோ."

நான் அவரை அழைக்கவில்லை என்பதைக் கவனிக்கவும். அவர்தான் கேட்டார். சனிக்கிழமை கலியாணம், வியாழக்கிழமை காலையில் காரைக் கொண்டுவந்து என் கராஜில் விட்டார். சாவியைத் தரும்போது கட்டிப்பிடித்தார். அவரிடம் மீன் பொரியல் மணந்தது.

நான் கவுன்சிலில் இரண்டு நாள் லீவு போட்டு வேலை செய்தேன். மினுக்கினேன், ரிபன் கட்டினேன், அதெல்லாம் ஒரு மணித்தியால வேலை. மிகுதி நேரத்தில் அந்தக் காரை 1962க்கு அனுப்பி வைத்தேன். டிஸ்க் பிரேக்கைக் கழற்றினேன். என் கொட்டிலில் இருந்த அசல் டிரம்களை எடுத்துத் துடைத்துப் பூட்டினேன். பெல்ட் இரண்டையும் கழற்றினேன். கோப்பி வளையத்தைக் கழற்றும்போது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மடுமாதாவையும் கழற்றினேன். இதை யாரும் மதப் பிரச்சினையாக எடுக்கவேண்டாம். ஆலை 1962இல் மாதாவைப் பொருத்தி அனுப்பவில்லை. அதற்கான கையேடு என்னிடம் இருக்கிறது. பிள்ளையாரையும் பொருத்தி அனுப்பவில்லை.

கடைசியாக ஹோஸ். பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெய் இந்த றப்பர் குழாய் வழியாகத்தான் சில்லுக்குப் போகும். அந்தக் காரில் எல்லாம் ஒரே வழி. ஒரு இடத்தில் வெடித்தால் நாலு சில்லுக்கும் இல்லை. வடக்கு இங்கிலாந்தில் ஒரு விதவையிடம் தபாலில் வாங்கிய ஹோஸ் ஒரு சோடி என்னிடம் இருந்தது. 1962ஆம் ஆண்டு ஆலைப் பெட்டி, முத்திரை உடைக்காதது. நான்தான் முதலில் திறந்தேன். அந்தப் பெட்டியின் மணத்தை வான்மதியால் மொழிபெயர்க்க ஏலாது.

றப்பருக்கு வயது போகும் என்பது எனக்குத் தெரியுமா என்று நேற்று அதிகாரி கேட்டார். தெரியும். இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தேன். கிழவரின் குதிக்கால் போல வெடித்திருந்தது. ஆனால் எங்கள் யாப்பின் ஒன்பதாம் விதிப்படி, ஒருமுறையும் பூட்டிப் பாவிக்காத சாமான் புதுச் சாமான். நான் அவருக்குப் புதுச் சாமான்தான் போட்டேன்.

பூட்டியபின் எங்கள் தெருவில் மெதுவாக மூன்று தடவை காரை ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்தேன். அழகாக நின்றது. இன்னும் எத்தனை தடவை நிற்கும் என்று எனக்குத் தெரியாது, யாராலும் சரியாகச் சொல்ல ஏலாது. பிளேஸ்டோவில் மேடு இல்லை, லூயிஷாமில் மேடு உண்டு என்பது மட்டும் தெரியும். மாப்பிள்ளை பகுதி லூயிஷாம், பூசையும் அவர்களுடைய கோயிலில்தான். ஊர்வலப் பாதையை வரைந்து எல்லோருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தவன் நான். ஆற்றுக்குக் கீழே சுரங்கத்தால் போய், பிளாக்ஹீத் புல்வெளியைக் கடந்து, மேட்டால் இறங்குகிற பாதை. படம் பிடிப்பவருக்கு வசதி என்று காரணம் போட்டிருந்தேன்.

மகளும் அந்தக் காரில்தான் வருவாள் என்பது எனக்குத் தெரியும். இதை மறைத்தால் பதிவு முழுமையாகாது. அதைப் பற்றி யோசித்தேன். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற அளவுக்கு யோசித்தேன்.

கழற்றிய சாமான் எல்லாவற்றையும் துடைத்து, மாதாவை மெல்லிய கடதாசியில் சுற்றி, ஒரு மட்டைப்பெட்டியில் அடுக்கினேன். 'கழற்றப்பட்டவை' என்று தலைப்பிட்டு பதினொரு உருப்படிக்குப் பட்டியல் எழுதி, 18 ஓகஸ்ட் 2006 என்று திகதி போட்டுக் கையெழுத்து வைத்து உள்ளே வைத்தேன். மற்றவருடைய சாமான் ஒரு ஆணிகூட என்னிடம் தங்கக்கூடாது. அது என் சுபாவம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சிவப்புக் காரை அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். என் பச்சைக் காரை முதலே அங்கே கொண்டுவந்து விட்டிருந்தேன். அண்ணை கோட் சூட்டில், சட்டையில் ரோசாப்பூ குத்தி நின்றார். காரைச் சுற்றி வந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பெல்ட் எங்கை?"

"பிள்ளையின்ரை வெள்ளைக் கவுனைக் கசக்கிப்போடும் எண்டு கழட்டினான் அண்ணை. நாளைக்குப் பூட்டித் தாறன்."

"மாதா?"

"ரிபன் கட்ட இடைஞ்சலா இருந்தா."

"நீ யோசிச்சுத்தான் செய்வாய்," என்றார். என் தோளில் தட்டினார்.

மகள் டிலக்சனா ஒரு ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவில் நேர்ஸ். கவுனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து ஏறினாள். ஏறியதும் வலது தோளுக்கு மேலே கை வைத்துத் தடவினாள். இடது தோளுக்கு மேலே தடவினாள். இறங்கிவிட்டாள்.

"நோ வே, அப்பா."

"பத்து மைல்தானே குஞ்சு. நான் மெல்லமா ஓடுறன்."

"அப்பா, இப்பிடி மெல்லமா ஓடின ஆக்களைத்தான் நான் கிழமைக்கு ஆறு பேரைத் தைக்கிறன். அங்கிள், சொறி, கார் சூப்பரா இருக்கு. ஆனா நான் ஏறமாட்டன்."

தாயோடு போய் வாடகை மினிகாப்பில் ஏறிக்கொண்டாள். சாம்பல் நிற வான். எந்த ஆண்டு என்றுகூட நான் பார்க்கவில்லை. அவசரத்தில் பூங்கொத்தைச் சிவப்புக் காரின் ஆசனத்திலேயே விட்டுவிட்டாள்.

அண்ணை வாசலில் நின்றார். ஒரு வருடமாகக் காத்திருந்த மனிதர். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது நான் சொல்லியிருக்கலாம், 'அண்ணை, நீங்களும் வானிலை வாங்கோ' என்று. சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்: "சரி, கார் எண்டாலும் கோயிலடிக்கு வரட்டும். படம் எடுக்க வேணுமெல்லே."

தனியாக ஓட்டிப் போனார். பூங்கொத்து பக்கத்து ஆசனத்தில். நான் பச்சைக் காரில் பின்னால், மூன்று கார் தூரம் விட்டு. சுரங்கத்தில் நல்ல ஓட்டம். பிளாக்ஹீத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கை காட்டினார்கள், அவர் ஹோர்ன் அடித்தார். மேடு இறங்கத் தொடங்கியதும் அவருடைய பிரேக் லைட் ஒருமுறை எரிந்தது. பிறகு எரியவில்லை. இதைப் பழுது என்று யாரும் எழுதவேண்டாம். அந்த மொடலில் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால்தான் லைட் எரியும். எண்ணெய் போனால் எரியாது. ஆலை அனுப்பியபடியே சரியாக வேலை செய்தது.

அவர் ஹாண்ட்பிரேக்கை இழுத்தார் என்று நினைக்கிறேன், பின்பக்கம் ஒருமுறை ஆடியது. வளைவில் ஒரு தாயும் தள்ளுவண்டியும் கடந்துகொண்டிருந்தார்கள். அவர் வேண்டுமென்றே மற்றப் பக்கம் திருப்பிச் சுவரில் விட்டார். நான் பிரேக் பிடித்து ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு நடந்து போனேன்.

அப்போது அண்ணைக்கு உயிர் இருந்தது. என்னை அடையாளம் கண்டார்.

"பெடல் அடிக்குப் போட்டுது புவனேசு," என்றார். பிறகு, "பிள்ளை ஏறேல்லைத்தானே?" என்றார்.

"ஏறேல்லை அண்ணை."

"ஏறேல்லை," என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவர் கேட்டது அது ஒன்றுதான். கார் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

தீயணைப்புப் படையினர் வந்து கதவை இயந்திரத்தால் வெட்டினார்கள். கீலில் இரண்டு போல்ட்தான், கழற்றித் தருகிறேன் என்று சொன்னேன், தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஆகவே அந்தக் காரில் யாராவது எதையாவது வெட்டினார்கள் என்றால் அது அவர்கள்தான். குறித்துக்கொள்ளவும். பூங்கொத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

செத்தவீட்டுக்கு மட்டைப்பெட்டியைக் கொண்டுபோய்ப் பியற்றிஸ் அக்காவிடம் ஒப்படைத்தேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். அவர் அழுதுகொண்டிருந்ததால் கையெழுத்து கோட்டுக்குக் கீழே போய்விட்டது, நான் பெரிதுபடுத்தவில்லை.

செப்டெம்பர் 17இல் கழகம் கூடியது. ரோல்ஸ் இல்லை. கிறிஸ்துராஜா அண்ணைக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். உட்கார்ந்ததும் அடுத்த விடயத்தை வாசித்தேன்: முன்மொழிந்தவர் சமூகமளிக்காமையால், முப்பத்து மூன்றாம் விதிப்படி திருத்தம் காலாவதியாகிறது.

ஜம்புநாதன் என்னைப் பார்த்தார். "இப்ப இது தேவையா லா?"

"தேவையில்லை. விதி," என்றேன்.

யாரும் எதிர்க்கவில்லை. ஏழாம் விதி பழையபடி ஆயிற்று. அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை பியற்றிஸ் அக்கா தொலைபேசி எடுத்தார். முப்பத்தோராம் நாள் செபத்துக்கு அண்ணையின் படத்துக்குப் பக்கத்தில் மாதாவை வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்திருக்கிறார்.

"தம்பி, இந்த பிரேக் சாமான் எல்லாம் என்னெண்டு இதுக்கை வந்தது? எப்ப கழட்டினனீர்?"

"பட்டியலிலை திகதி இருக்கு அக்கா."

அவர் வாசிக்கும் சத்தம் கேட்டது. பதினொரு உருப்படியையும் வாசித்தார். பிறகு திகதியையும் வாசித்தார். நான் தொலைபேசியை வைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன், மரியாதைக்காக. மாலையில் நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே சுருக்கமாக: ஓம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். ஆனால் ஒரு கொள்கைக்காகச் செய்தேன், ஒரு மனிதருக்கு எதிராக அல்ல. கிறிஸ்துராஜா அண்ணை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒரு பழைய பொருளில் கை வைக்க யாருக்கும் உரிமையில்லை, அது தன் பிள்ளைக்காக என்றாலும் சரி, உயிருக்காக என்றாலும் சரி. அந்த ஒரு வரியைக் காப்பாற்ற யாராவது இருக்கவேண்டும். இவ்வளவும்தான் என் வாக்குமூலம்.

இதோடு முடித்துக் கையெழுத்து வைக்கப் போனேன். அதிகாரி மூக்கைச் சீறிவிட்டு, இன்னொரு கேள்வி இருக்கிறது, அதற்கான பதிலையும் சேர்த்து எழுதும்படி சொன்னார். தெருவில் சில்லு இழுபட்ட அடையாளத்தை அளந்திருக்கிறார்களாம். ஒரே ஆலை, ஒரே ஆண்டு, ஒரே மேடு. பதினைந்து கஜ தூரத்துக்குள் என் பச்சைக் கார் எப்படி நின்றது என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. 2000ஆம் ஆண்டில் டிஸ்க் பிரேக் போட்டேன். அதற்கு மேலே பழைய டிரம்மின் மூடியைத் தகடாக அடித்துப் பூட்டியிருக்கிறேன், பரிசு கொடுக்க வருகிற எந்த நடுவருக்கும் தெரியாது. ஹோஸ் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிது மாற்றுவேன், உண்மையான புதிது. பெல்ட் ஆசன மெத்தைக்கு அடியில் மடித்திருக்கும், எடுத்துப் போடலாம்.

வான்மதி இதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் அதிகாரி ஒரு சொல்தான் கேட்டார். "ஏன்னு கேக்குறாரு சார்," என்றார் வான்மதி.

"அது நான் ஓடுற கார் எல்லே, தங்கச்சி," என்றேன்.